போச்சே

வியாழன் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான்
ஃபஹாஹீல் கடற்கரையில் தரை கொஞ்சம் ஆறும்.
கம்பெனி வண்டியை விட்டு இறங்கியதும்
மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து
எல்லாம் வெள்ளையாகிவிடும்.
துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தால்
சிலுவைமுத்து அதற்குள்
களத்தை விளக்குமாற்றால் சீவிக்கொண்டிருப்பான்.

இருபத்தேழு எட்டு நீளம், நாலு எட்டு அகலம்.
ஓரமெல்லாம் பலகை, உள்ளே நொறுக்கிய கிளிஞ்சல்.
குழாய் பதிக்க வந்த இத்தாலிக்காரர்கள்
போட்டது என்கிறான் ரொமேல்.
பேரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்:
போச்சே.
முதல் நாள் அதைக் கேட்டுச் சிலுவைமுத்து பதறினான்,
"என்னடா போச்சு?"

சிவப்பு நாலு, பச்சை நாலு,
அப்புறம் ஒரு சின்ன வெள்ளைப் பந்து.
அதை முதலில் எறிந்துவிட்டு
மற்றதையெல்லாம் அதன் பக்கத்தில்
கொண்டுபோய் நிறுத்தப் பார்க்க வேண்டும்.
அவ்வளவுதான்.
வெள்ளைக்குக் குட்டி என்று பேர் வைத்தது தவமலர்,
டயாலிசிஸ் நர்ஸ், மட்டக்களப்புக்காரி.
இப்போது ரிஃபாத்தும் குட்டி என்றுதான் சொல்கிறார்.
எகிப்துக்காரர் வாயில் அந்த 'ட்டி' கொஞ்சம் இனிக்கிறது.

ரிஃபாத் எங்கள் கம்பெனி மந்தூப்.
பாஸ்போர்ட், இக்காமா, மெடிக்கல், கைரேகைச் சீட்டு,
எங்கள் எல்லோரையும் தோல்பையில் போட்டு
ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவர்.
அந்தப் பை இப்போது பெஞ்சில், செருப்புகளுக்குப் பக்கத்தில்.
நகராட்சிப் பலகையில் ஏழு விதிகள்.
எட்டாவது எங்களுடையது:
இங்கே காகிதப் பேச்சு கூடாது.
மீறினவர் எல்லோருக்கும் கரக் டீ.

போன வாரம் குட்டி வடிகாலுக்குள் விழுந்தது.
தவமலர் பக்காலாவில்
காய்ந்த எலுமிச்சை ஒன்று வாங்கி வந்தாள்.
கறுத்து, ஓடு மாதிரி, எடையே இல்லாமல்.
கடல்காற்று அடித்தால் தானாக நகர்கிறது.
யார் பந்தும் படாமலே
பக்கத்தில் நின்றவன் தூரமாகிவிடுகிறான்.
இதற்கும் ஒரு விதி வேண்டும் என்றான் ரொமேல்.
யோசித்தோம். யாருக்கும் வரவில்லை.

தகராறு வந்தால் அளப்பது நான்.
பகலெல்லாம் லிஃப்ட் கதவுக்கும் சுவருக்கும் நடுவே
மில்லிமீட்டர் பார்க்கிறவன்.
இங்கே என் ஷூ லேஸ்தான் டேப்.
முட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு:
"சிவப்பு. ஒரு நகம்."
இதுவரை யாரும் மறுத்ததில்லை.

கடைசி ஆட்டம் அவருக்கும் எனக்கும்.
என் முதல் பச்சை எலுமிச்சையிலிருந்து ஒரு சாண்.
ரிஃபாத் குறைவாக எறிகிற ஆளே இல்லை.
தாண்டிப் போகும், பலகையில் மோதும்,
பின்னாலேயே அரபியில் ஒரு வசவும் ஓடும்.
இன்றைக்கு அவர் சிவப்பு பாதியிலேயே நின்றது.
இரண்டாவது அதற்கும் முன்னால்.
மூன்றாவதை எறியும்போது அவர் குட்டியைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார், சட்டென்று பையைப் பார்த்தார்.
நாலாவது அவர் கையிலிருந்து
விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முப்பதாம் தேதியோடு முடிகிறது என் இக்காமா.

மினா அஹ்மதி பக்கம் எண்ணெய்ச் சுடர்
எப்போதும் போல எரிந்துகொண்டிருந்தது.
அதற்கு என்ன.

"உங்கட முறை" என்றாள் தவமலர்.

என்னிடம் இன்னும் மூன்று பச்சை.
நிதானமாக உருட்டினால் ஆட்டம் எனக்கு.
வீசினேன்.
நேரே போய் எலுமிச்சையின் மேல் இறங்கியது.
அப்பளம் உடைகிற அளவுக்கு ஒரு சத்தம்.
களம் முழுக்கக் கசப்பும் புளிப்புமாக வாசனை.

"போச்சே" என்றார் ரிஃபாத்.
ஆட்டத்தின் பேரைச் சொன்னாரா,
எங்களிடம் கற்ற தமிழா, கேட்கவில்லை.
கேட்டிருந்தால் டீக்காசு யாருடையது என்று
இன்னொரு தகராறு.

அளக்க ஒன்றும் மிச்சமில்லை.
உட்கார்ந்து லேஸை ஷூவில் கோத்தேன்.
பதினொன்றுக்குப் பக்காலாவை மூடிவிடுவான்.
சிலுவைமுத்து ஓடத் தயாராக நின்றான்.
"ரெண்டா வாங்கிட்டு வா" என்றேன்.